நீண்ட தொடரைப் படிக்கும் முறை

கதையைப் படிக்கும்போது ஓரிரு சொற்கள் விளங்காவிட்டாலும் நிகழ்ச்சி நம்மை அழைத்துச் சென்றுவிடும். செய்தி கூறும் உரைநடையில் அவ்வசதி இல்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் மாணவர் பலர், இத்தகைய பகுதியின் முதல் தொடரிலேயே நின்றுவிடுகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நாளிதழில் வந்த அணைச் செய்தியைப் படித்துக் காட்டும்படி தாத்தா கேட்டால், "எனக்குப் படிக்க வராது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். சொல் தெரியாமையே காரணம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். பெரும்பாலும் தடையாக நிற்பது தொடரின் அமைப்பே.

பின்வரும் தொடரைப் படியுங்கள்.

"குடகு மலையில் தோன்றி, ஒகேனக்கல்லில் அருவியாக வீழ்ந்து, மேட்டூர் அணையில் தேக்கப்பெற்று, முக்கொம்பில் கொள்ளிடத்தைக் கிளையாகப் பிரித்து, பூம்புகாருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கும் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது."

'காவிரி' என்னும் சொல் வருவதற்குள் எத்தனை இடப்பெயர்கள் வந்துவிட்டன! ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும். விளக்கம் பின்னே தொடரும். இந்தியில் 'ஜோ' என்னும் சொல், விளக்கம் தொடங்குவதை அறிவித்துவிடும். தமிழிலோ விளக்கம் முழுவதும் பெயருக்கு முன்னரே வந்து, 'கலக்கும் காவிரி' எனப் பெயரெச்சத்தில் முடிந்து பெயரோடு சேரும். ஆகவே தொடரின் இறுதியிலிருந்து தொடங்குங்கள். நீளமுடையது எது? காவிரி. எந்தக் காவிரி? கடலில் கலக்கும் காவிரி. மையச் செய்தி கிடைத்துவிட்டது.

தோன்றி, வீழ்ந்து, தேக்கப்பெற்று, பிரித்து என்பன வினையெச்சங்கள். இந்தியில் 'ஜாகர்', 'ஆகர்' என்று 'கர்' சேர்த்துச் சொல்கிறீர்கள் அல்லவா? அதே பணியைத்தான் இவையும் செய்கின்றன. ஒவ்வொன்றின் பின்னும் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். பிறகு தனித்தனியே எழுதுங்கள்: காவிரி குடகு மலையில் தோன்றுகிறது. அஃது ஒகேனக்கல்லில் அருவியாக வீழ்கிறது. இவ்வாறே எழுதிச் சென்றால் ஒரு நீண்ட தொடர் ஆறு சிறு தொடர்களாகிவிடும்.

'தேக்கப்பெற்று' என்னும் சொல் புதியதாகத் தோன்றலாம். வீட்டில் "தண்ணி தேங்கி நிக்குது" என்று கேட்டிருப்பீர்கள். தேங்குதல் தானே நிகழ்வது. தேக்குதல் பிறர் செய்வது. அடங்கு, அடக்கு, திரும்பு, திருப்பு ஆகியனவும் அவ்வாறே. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியதும் செய்பவர் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். மேட்டூரில் நீர் தானாக நிற்கவில்லை. மனிதர் அணை கட்டி நிறுத்தினர் என்பதை அந்த ஒரு சொல்லே கூறிவிடுகிறது. எனவே வீட்டுத் தமிழைக் குறைவாக எண்ண வேண்டா. தெரியாத சொல்லை உரக்கப் படித்து, வீட்டில் கேட்ட எச்சொல்லோடு அஃது ஒத்து ஒலிக்கிறது என்று பாருங்கள். அகராதி அதற்குப் பின்னர்தான். சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டுபவர், பத்தியின் முடிவை அடைவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

பயிற்சி

"1925ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி."

1. 120 அடி என்பது எதன் அளவு? அணையின் நீளமா, நீரின் மட்டமா?
2. இத்தொடரை மூன்று சிறு தொடர்களாக எழுதுக.
3. 'முடிந்த அணை', 'முடிக்கப்பெற்ற அணை' ஆகியவற்றின் வேறுபாட்டை வீட்டிலுள்ளோரிடம் விளக்கிக் கூறுக.