பழைய தொட்டிலைச் சுரண்டப்போறீங்களா? உப்புத்தாளைக் கொஞ்சம் கீழே வைங்க!

மாதக் கடைசியில் பெருங்குடி, கந்தன்சாவடி பக்கம் ஒரு சுற்று வந்தால் தெரியும். வேலை மாறி வேறு ஊருக்குக் கிளம்புகிறவர்களின் கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் குட்டியானையில் ஏறிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் பிளைவுட். எப்போதாவது அசல் தேக்கு ஒன்று, நாலு பூச்சு பச்சை எனாமலுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அது மரத்தொட்டிலாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாளும் கையுமாக பால்கனியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். அந்தப் பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வெள்ளீயம். இது காரீயம். நிறம் பளிச்சென்று தெரியவும், பெயின்ட் சீக்கிரம் காயவும், நீடித்து உழைக்கவும் அதைச் சேர்த்தார்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

பெயின்ட் பேசாமல் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. தேய்க்கும்போது எழும் தூள்தான் வினை. அது தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், அங்கிருந்து வாய்க்குப் போகும். பல் முளைக்கும் பிள்ளை தொட்டில் விளிம்பைக் கடிக்காமல் இருக்குமா? சில ஈயச் சேர்மங்களுக்கு லேசான இனிப்பு வேறு உண்டு. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடலில் சேர்வதைப்போல நாலைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடலில் சேரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு மூளை வளர்ச்சியில். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. கர்ப்பிணியின் உடலில் சேரும் ஈயம் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும்.

அதற்காகத் தொட்டிலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதலில், மேலே இருப்பது பெயின்ட்தானா என்று பாருங்கள். பஞ்சில் பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு மூலையில் வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். துணியால் துடைத்தே எடுத்துவிடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் அந்தப் பழைய மெருகுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். அதைச் சுரண்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பெயின்ட்தான் என்றால் ஒரே விதி: காய்ந்த மரத்தைத் தேய்க்கக் கூடாது. கீழே தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு. ஸ்பிரேயரால் தண்ணீர் தெளித்துக்கொண்டே, ரேகை ஓடும் திசையில் பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். மிச்சத்துக்கு வாட்டர் பேப்பர், அதுவும் ஈரத்தோடு. துணி மாஸ்க் தூளைத் தடுக்காது, என்95 வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அம்மா வீட்டுக்குப் போகட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

'ஹீட் கன் இருக்கே' என்பார்கள். சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகவே கிளம்பும். காஸ்டிக் சோடா மரத்தைக் கருக்கும், மூட்டுகளின் பசையையும் விடவைக்கும். பெயின்ட் ரிமூவர் வாங்கினால் டப்பாவில் 'மெத்திலீன் குளோரைடு' என்று இருக்கிறதா பாருங்கள். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து உயிர்விட்டவர்கள் உண்டு. பொதுமக்களுக்கு அந்த வகை ரிமூவரை விற்க அமெரிக்கா 2019-ல் தடை விதித்தது. ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திய ஃபிளாட்டில் அதைத் திறப்பது விபரீதம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை ஆகாது; ஈரம் இழுத்த மரத்தில் பாலிஷ் வெளுத்துப்போகும். மாசி, பங்குனி சரியான நேரம்.

சரி, சுரண்டிய தூள்? பலரும் சிங்க்கில் கழுவிவிடுவார்கள், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டியில் கொட்டுவார்கள். தென் சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச்சேர்ந்தது பெருங்குடி வளாகத்துக்கு. அதை ஒட்டியே இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அதே இடம். மழை பெய்தால் குப்பையில் ஊறிய நீர் போக வேறு வழி ஏது? 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் காலி பெயின்ட் டப்பாவையே வீட்டு அபாயக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. எனவே விரிப்போடு சேர்த்துத் தூளைச் சுருட்டி, இரட்டைப் பையில் கட்டி, மேலே 'பெயின்ட் தூள்' என்று எழுதி, மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பது அவர் கையாகத்தான் இருக்கும்.