மருந்துச் சீட்டுடன் ஒரு கதைப் புத்தகம்

ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. ஏதாவது டானிக் எழுதித் தருவீர்களா?" என்பதே அது. பேச்சை வரவழைக்கும் டானிக் எதுவும் மருத்துவத்தில் இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தையையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். செவித்திறனும் வளர்ச்சியும் இயல்பாக உள்ள குழந்தையின் பெற்றோருக்கு நாங்கள் கூறும் அறிவுரை எளியது. குழந்தையோடு நிறையப் பேசுங்கள். நாள்தோறும் ஒரு கதை சொல்லுங்கள். ஒரு படப் புத்தகத்தைச் சேர்ந்து பாருங்கள்.

இது வெறும் நல்லுரை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-ஆம் ஆண்டு குழந்தை மருத்துவர்கள் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினர். பரிசோதனைக்கு வரும் குழந்தையின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அதை எப்படிச் சேர்ந்து படிப்பது என்று பெற்றோருக்கும் சொல்லி அனுப்பினர். பிறந்தது முதலே குழந்தைக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைப்பேசித் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்வதையும் வாசித்துக் காட்டுவதையுமே அவ்வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது.

உள்நோயாளிகளாக உள்ள குழந்தைகளுக்கும் கதை உதவுகிறது. பிரேசில் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 81 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி அதன் முடிவை 2021-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்குக் கதை சொன்னார்கள். மற்றொரு பிரிவினரோடு விடுகதை விளையாடினார்கள். இரு பிரிவினருக்குமே வலி குறைந்தது. கதை கேட்ட குழந்தைகளுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பின் அளவும் அவர்களிடம் நன்கு தணிந்திருந்தது. ஊசிக்கு அஞ்சி அழும் குழந்தையின் அருகே அமர்ந்து கதை சொல்லும் தாயும் சிகிச்சையில் பங்கேற்கிறார் என்றே நாங்கள் கருதுகிறோம்.

எழுத்தறியாதவர் என்ன செய்வது?

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதே" என்று தயங்கும் பெற்றோர் இம்மலையில் பலர். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இது: சிறு குழந்தைக்கான புத்தகத்தில் எழுத்தைவிடப் படமே பெரிது. படத்தைச் சுட்டி, "இது என்ன? இந்த ஆடு எங்கே போகிறது? அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டாலே போதும். குழந்தை ஒரு சொல் சொன்னால், அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். குழந்தையின் மொழி இவ்வாறே வளர்கிறது. வீட்டில் பேசும் மலைத்தமிழிலேயே கதை சொல்லலாம். அதில் குறை ஏதும் இல்லை. வேலைக்காகப் பெற்றோர் வெளியூர்த் தோட்டங்களுக்குச் சென்றுவிடும் குடும்பங்களில் பாட்டியும் தாத்தாவும் இப்பணியைச் செய்யலாம். சாமை அறுவடையும் தேனெடுப்பும் அவர்கள் வாயால் கதையாகட்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் பயிலும் மூத்த பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, தம்பி தங்கைக்கு நாள்தோறும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் இருவருக்கும் நன்மை.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

தொலைவில் உள்ள ஊர்களுக்குப் புத்தகத்தைக் கொண்டு சேர்க்கும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்குக் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை அனுப்பி வைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. சொத்து வரியுடன் நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது அச்சட்டம். ஆகவே பொது நூலகம் மக்கள் பணத்தில் நடப்பது. அதனுள் நுழைய எவரும் தயங்க வேண்டியதில்லை.

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் பல நிலைகளில் இந்நூலகங்கள் இயங்குகின்றன. அங்கேயே அமர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் செலுத்தினால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள் போன்றோரிடம் தன்னார்வலர் வழியே புத்தகத்தைக் கொண்டு சேர்க்க நூலக நண்பர்கள் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. சந்தைக்கோ மருத்துவமனைக்கோ வரும் நாளில் நூலகரைச் சந்தித்து, உங்கள் ஊருக்கு அத்தகைய தன்னார்வலர் உண்டா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால், அவரையே அப்பணிக்கு முன்வரச் சொல்லுங்கள்.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்?

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை: கெட்டி அட்டையாலான படப் புத்தகம். குழந்தை அதைக் கடிக்கும், தட்டும், தடுக்க வேண்டாம்.

மூன்று முதல் ஐந்து வயது வரை: துளிகா பதிப்பகத்தின் படக்கதைகளும் பிரதம் புக்ஸ் வெளியீடுகளும் ஏற்றவை. பிரதம் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் பார்ப்பதாயின் பெரியவர் மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து படிக்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு வயது வரை: பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் உள்ளன. வகுப்பைப் பாராமல், பிள்ளைக்கு எளிதாக வரும் படியிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்பது வயதுக்கு மேல்: 'துளிர்' அறிவியல் இதழ், பள்ளிகளுக்கு வரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ சான்' தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் சிறுமி, இளம்பிள்ளைவாதத்தால் கைகால் செயலிழந்த நண்பனை மரமேற்றி மகிழ்கிறாள். நீண்ட நாள் நோயுற்ற பிள்ளைகளும் அவர்களுடைய தோழர்களும் படிக்க வேண்டிய நூல் அது. தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பக்குவமாகச் சொல்லும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. அதைப் பெற்றோரும் சேர்ந்து படிப்பது நலம். மறு ஆண்டுக்கான விருதைப் பெற்ற மு. முருகேஷ் நமது திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசியில் வாழ்பவர்.

வார்டில் படிக்கும்போது

புத்தகத்தைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். தொற்றுநோய்க்காகத் தனிமைப்படுத்தப்பட்ட குழந்தைக்குக் கொடுத்த காகிதப் புத்தகத்தைப் பிற குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பளபளப்பான அட்டைப் புத்தகமே அங்கு ஏற்றது. காய்ச்சலும் களைப்பும் மிகுந்த வேளையில் வற்புறுத்த வேண்டாம். ஐந்து நிமிடக் கதை போதும்.

சேர்ந்து படிக்கும்போது குழந்தையைக் கவனியுங்கள். புத்தகத்தை முகத்தருகே கொண்டு செல்கிறதா, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, தலையைச் சாய்க்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அடுத்த முறை வரும்போது மறவாமல் எங்களிடம் சொல்லுங்கள்; கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறோம். உள்நோயாளியாகச் சேர்க்கக் குழந்தையை அழைத்து வரும் நாளில், மாற்றுத் துணியோடு அதற்குப் பிடித்த புத்தகம் ஒன்றையும் பையில் எடுத்து வாருங்கள்.