தண்டனை வடுவும் தோல் ஓவியமும்: ஜப்பானியப் பச்சைக் கலையின் வரலாறு

அரபுக் கல்லூரிகளில் முஅல்லகாத் கவிதைகளைப் பாடம் நடத்துவோர் தொடக்கத்திலேயே ஒரு சொல்லை எதிர்கொள்வர். காதலி வாழ்ந்து நீங்கிய இடத்தின் எஞ்சிய தடங்களைக் கவிஞர் தரஃபா புறங்கையில் மங்கி நிற்கும் பச்சைக்கு ஒப்பிடுகிறார். ஸுஹைரும் ஏறத்தாழ இதே உவமையைக் கையாள்கிறார். 'வஷ்ம்' என்பது அச்சொல். அதே மாணவர் ஹதீஸ் வகுப்பில் அமரும்போது, பச்சை குத்துவோரையும் குத்திக்கொள்வோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்ற செய்தியைப் புகாரியிலும் முஸ்லிமிலும் படிக்கிறார். இலக்கியத்தில் அழகிய உவமையாக வந்தது மார்க்கத்தில் ஏன் தடுக்கப்பட்டது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

மார்க்கத் தீர்ப்பு தெளிவானது. அதனை மறுபரிசீலனை செய்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அதனைச் சரிவர அறிந்துகொள்வதன் கிளையே என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. பச்சை குத்தல் வேறெங்கும் காணாத நுட்பத்தையும் உயரத்தையும் அடைந்த நாடு ஜப்பான். அதே வேளையில், அதனை இழிவின் சின்னமாகக் கருதிச் சட்டத்தால் ஒடுக்கிய நாடும் அதுவே. இவ்விரண்டும் ஒரே மண்ணில் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை இங்குக் காண்போம்.

காப்பிலிருந்து தண்டனைக்கு

ஜப்பானிய மக்களைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, கி.பி. 3 ஆம் நூற்றாண்டின் சீன வரலாற்று நூலில் உள்ளது. அத்தீவுகளின் ஆண்கள் முகத்திலும் உடலிலும் பச்சை குத்தியிருந்தனர் என்றும், நீரில் மூழ்கி மீன் பிடிப்போர் பெரிய மீன்களிடமிருந்து தம்மைக் காக்கும் என்று நம்பி அவ்வாறு செய்தனர் என்றும், பின்னர் அது அணியாக மாறியது என்றும் அந்நூல் தெரிவிக்கிறது. இடத்திற்கும் தகுதிக்கும் ஏற்ப வடிவங்கள் வேறுபட்டன.

சில நூற்றாண்டுகளில் நிலை மாறியது. 720 இல் நிறைவுற்ற 'நிஹோன் ஷொக்கி' என்னும் அரச வரலாறு, கிளர்ச்சியில் ஈடுபட்ட ஒருவருக்கு மரண தண்டனையைக் குறைத்து, கண்ணருகே பச்சை குத்திய நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளது. காப்பென்று கருதப்பட்டது குற்றத்தின் அடையாளமாயிற்று.

எடோ காலத்தில் இது முறையான தண்டனையாக நிலைபெற்றது. இன்றைய டோக்கியோவின் பழம்பெயரே எடோ. தொக்குகாவா ஷோகுன்களின் ஆட்சி அங்கிருந்து நடைபெற்றது. 1720 இல் எட்டாம் ஷோகுனான யோஷிமுனே, மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்கு மாற்றாகப் பச்சை குத்தலைக் கொண்டுவந்தார். எடோவில் திருடனின் கையைச் சுற்றி இரண்டு கோடுகள் இடப்பட்டன. ஊருக்கு ஊர் குறிகள் வேறுபட்டன. ஹிரோஷிமாப் பகுதியில் முதற் குற்றத்திற்கு நெற்றியில் ஒரு கோடு இடப்பட்டது. அடுத்தடுத்த குற்றங்களுக்குக் கோடுகள் சேர்ந்து, மூன்றாம் முறை 'நாய்' என்னும் எழுத்து நிறைவெய்தும். உறுப்பை அறுப்பதைவிட இது இரக்கமுடையதாகத் தோன்றலாம். ஆனால் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் குற்றம் முடிவதில்லை. திருந்தியவனுக்கும் திருந்தாதவனுக்கும் நெற்றி ஒன்றே.

'மை செருகுதல்' என்று பொருள்படும் 'இரெசுமி' என்ற சொல்லில் இத்தண்டனையின் நெடி இன்றும் ஒட்டியிருக்கிறது. எனவேதான் கலைஞர் பலர் 'செதுக்கப்பட்டது' என்று பொருள்படும் 'ஹோரிமோனோ' என்ற சொல்லை விரும்புகின்றனர்.

எளியோர் தேர்ந்த அணி

வடுவைப் பெற்ற சிலர் அதன் மீது பெரிய சித்திரங்களை வரைந்து மறைத்தனர். இதனோடு வேறோர் ஊற்றும் கலந்தது. அறத்தின் பெயரால் அரசை எதிர்த்து நின்ற நூற்றெட்டுக் கொள்ளை வீரர்களைப் பற்றிய சீனப் பெருங்கதையொன்று ஜப்பானில் 'சுய்கோதென்' என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றிருந்தது. மூலக்கதையில் ஒரு சிலரே பச்சை குத்தியவர்கள். உத்தகாவா குனியோஷி என்ற ஓவியர் ஏறத்தாழ 1827 முதல் மரப்பாள அச்சில் வெளியிட்ட படவரிசையில், மேலும் பலருக்கு நாகங்களையும் மலர்களையும் அலைகளையும் தோல்மேல் வரைந்து காட்டினார். மக்கள் அப்படங்களைத் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டனர்.

அவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். பல்லக்குச் சுமப்போர், கட்டுமானத் தொழிலாளர், தூது ஓடுவோர், தீயணைப்போர் ஆகியோரே. மர வீடுகள் நிறைந்த எடோவில் தீ ஓயாத அச்சமாக இருந்தது. பச்சைத் தண்டனை வந்த அதே 1720 இல்தான் நகர மக்களின் தீயணைப்புக் குழுக்களும் ஒழுங்கமைக்கப்பட்டன. நீரோடு தொடர்புடைய நாகத்தின் வடிவம் தம்மைக் காக்கும் என்று அவ்வீரர்கள் நம்பினர். பட்டும் பகட்டும் எளியோருக்குத் தடுக்கப்பட்ட காலத்தில், ஆடையின் உள்ளே அணிந்த ஆடையாக இது அமைந்தது என்பர் அறிஞர். அரசு 1811 இலும் 1842 இலும் தடை விதித்தது. தடை நீடித்து நிற்கவில்லை.

இக்கலையின் செய்முறை 'தெபோரி' எனப்படுகிறது. மூங்கிற் கோலின் நுனியில் ஊசிகளை வரிசையாகக் கட்டி, இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலக்கையால் தாளம் தவறாமல் குத்துவர். எழுதுவதற்குரிய கரிய மையே அடிப்படை நிறம். தோலுக்கடியில் அது பசுநீலமாகத் தோன்றும். நாம் இதனைப் 'பச்சை' என்பதும் இந்நிறம் பற்றியே. முதுகு முழுவதும், தோள், தொடை ஆகியவற்றையும் நிரப்ப ஆண்டுகள் பல செல்லும். மாணவர் ஆசிரியரோடு நெடுங்காலம் தங்கிப் பணிபுரிந்து கற்று, 'ஹோரி' எனத் தொடங்கும் தொழிற்பெயரை அவரிடமிருந்து பெறுவார்.

சித்திரம் தனித்தனித் துண்டுகளாக இராது. ஒரு தலைமை உருவம் இருக்க, அலையும் காற்றும் மேகமும் பாறையும் பின்னணியாகி உடலை ஒரே ஓவியமாக்கும். அருவியில் எதிர்நீச்சலிடும் கெண்டை மீன் விடாமுயற்சியைக் குறிக்கும். விரைந்து உதிரும் செர்ரி மலர் வாழ்வின் நிலையாமையைச் சொல்லும். பௌத்த வழிபாட்டு உருவங்களும் இடம்பெறுவதுண்டு. மணிக்கட்டுக்கு முன்பே முடிந்து, மார்பின் நடுவே ஒரு கோடு தோல் வெறுமையாக விடப்படும். முன்திறந்த கிமோனோவை அணிந்தால் எதுவும் வெளியே தெரியாது. பிறர் காண்பதற்கன்றி, உடையவர் தாம் அறிந்திருப்பதற்கே இவ்வளவு வலியும் செலவும்.

அந்நியர் பார்வையும் சட்டமும்

மெய்ஜி ஆட்சி வந்ததும் தண்டனைப் பச்சை 1870 இல் ஒழிக்கப்பட்டது. 1872 இல் விரும்பிக் குத்திக்கொள்வதும் தடைக்குள்ளாயிற்று. இத்தடைக்குக் காரணம் இறையச்சமன்று. மேலைநாட்டார் நம்மை நாகரிகமற்றவர் என்பாரே என்ற நாணமே. ஆனால் நடந்தது வேறு. 1881 இல் கப்பலில் வந்த பிரிட்டிஷ் இளவரசர் இருவர் ஜப்பானியக் கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்டனர். அவருள் இளையவரே பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர். 1891 இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் நாகசாக்கியில் குத்திக்கொண்டார். எவர் முன் நாணினார்களோ அவர்களே விரும்பி வந்தனர். சொந்த மக்களே ஒளிந்து வாழ்ந்தனர்.

குற்றத்தோடு எத்தொடர்பும் இல்லாதோரும் துன்புற்றனர். வடக்கே ஐனு இனப் பெண்கள் பருவமெய்தியதன் அடையாளமாக வாயைச் சுற்றிக் குத்திக்கொள்வதும், தெற்கே ஒக்கினாவாப் பெண்கள் கைகளில் இட்டுக்கொண்ட 'ஹஜிச்சி'யும் முறையே 1871 இலும் 1899 இலும் தடை செய்யப்பட்டன. அவர்களின் தாயும் பாட்டியும் பெருமையாகக் கருதியது ஒரே தலைமுறையில் வெட்கமாக மாறியது.

1948 இல் தடை நீங்கியது, இழிவு நீங்கவில்லை. யாக்குசா என்னும் குற்றக் கும்பல்கள் இதனைத் தமக்குரிய அடையாளமாக்கின. திரைப்படங்கள் அதனைப் பரப்பின. பொதுக் குளியலகங்கள் பல இன்றும் பச்சை உடையோரை அனுமதிப்பதில்லை. 2013 இல் ஹொக்கைதோவில், முகத்தில் மரபுவழிப் பச்சை தாங்கிய நியூசிலாந்து மாவோரிப் பெண்மணி ஒருவர் குளியலகத்தில் மறுக்கப்பட்டது செய்தியாயிற்று. பச்சை குத்துவது மருத்துவச் செயல், உரிமமின்றிச் செய்யலாகாது என்று தொடரப்பட்ட வழக்கில் ஒசாகாக் கலைஞர் ஒருவர் 2017 இல் தண்டம் விதிக்கப்பெற்று, 2018 இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். 2020 இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

தோல் யாருடையது?

டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் தொகுப்பில் இறந்தோரின் பச்சைத் தோல்கள் பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. ஃபுகுஷி மசாயிச்சி என்ற நோய்க்குறியியல் மருத்துவர் சென்ற நூற்றாண்டில் திரட்டியவை அவை. சித்திரத்தை முடிக்க வசதியற்றோருக்குப் பொருளுதவி செய்து, இறந்தபின் தோலைப் பெற அவர் ஒப்புதல் வாங்கினார் என்பர். இந்த வரலாறு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றிவருவதை இங்கே நாம் காண்கிறோம். ஷோகுன் அத்தோலை அரசின் ஏடு என்றார். தொழிலாளி தன்னுடையது என்றான். மெய்ஜி அரசு நாட்டின் மானம் என்றது. மருத்துவர் சேகரப்பொருள் என்றார்.

இஸ்லாம் கூறும் விடை இவை எதுவுமன்று. உடல் அமானத், ஒப்படைக்கப்பட்ட பொருள். அதன் உரிமை அரசனுக்கும் இல்லை, தாங்கியிருப்பவனுக்கும் இல்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைக் குர்ஆன் ஷைத்தானின் தூண்டுதலோடு இணைத்துப் பேசுவதும் இதனாலேயே. விலங்கின் முகத்திலும் சூடிடலாகாது என்று தடுத்த நபி (ஸல்) அவர்களின் மார்க்கத்தில், மனித நெற்றியில் 'நாய்' என்றெழுதும் தண்டனையை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

எனினும் நம் ஃபுகஹாக்கள் இதனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குத்தியவர் வருந்தி மீண்டால் என்ன செய்வது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஊறின்றி அகற்ற முடிந்தால் அகற்ற வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ கேடு நேரும் என்ற அச்சம் இருந்தால் அகற்றுவது கடமையன்று. தவ்பாச் செய்தபின் அவர்மேல் பாவமில்லை என்று ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். தண்டனை வடுவுக்கும் ஷரீஅத்தின் நோக்குக்கும் உள்ள வேற்றுமை இதுதான். வடு மன்னிப்பை அறியாது; ஷரீஅத் தவ்பாவின் வாயிலைத் திறந்தே வைக்கிறது.

இன்று இஸ்லாத்தைத் தழுவுவோருள் பச்சை தாங்கியோரும் உளர். நம் ஸஃப்பில் நிற்கும் ஒருவர் உளூச் செய்யக் கையை மடிக்கும்போது, அங்கே ஒரு நாகத்தின் வால் தெரியலாம். செயலை வெறுப்பது மார்க்கம். ஆனால் அல்லாஹ் மன்னித்துவிட்ட ஒருவரின் நெற்றியில் நம் பார்வையால் மீண்டும் கோடிடுவது, ஹிரோஷிமாவின் பழைய நீதிபதி செய்த வேலையே. அதனை நாம் செய்யலாகாது.

அல்லாஹ் மிக அறிந்தவன்.