தராசு யார் கையில்?

அரவேணு மலைச்சரிவிலே மாலை நேரத்துக் காட்சி இது: பறித்த கொழுந்தைச் சுமந்து வரிசையில் நிற்கிறார்கள் பெண்கள். இன்னோரிடத்திலே, சிறு தோட்டக்காரர் தமது பச்சைத் தேயிலையைச் சாக்கிலே கட்டிவைத்துக் காத்திருக்கிறார். எல்லார் கண்ணும் ஒரே பொருளின்மீது. அதுதான் தராசு! அது காட்டும் எண்தான் கூலி. அந்த எண்தான் வீட்டு அடுப்பிலே அரிசி.

அந்தத் தராசுக்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே!

அளவை என்பது ஆங்கிலேயன் கப்பலிலே வந்திறங்கிய சரக்கல்ல. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளி மக்கள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எடைக்கற்களைச் செதுக்கினர். ஹரப்பா எங்கே, லோத்தல் எங்கே! இரண்டிடத்தும் எடைமுறை ஒன்றே.

தமிழகத்திலோ, பொன்னுக்கு 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. நெல்லுக்கு 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் எடுத்ததும் துலாக்கோலைத்தான்!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைக் குறித்து, அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் சொல்கிறது. எந்த அளவு என்பதை ஊரறியக் கல்லிலே எழுதினர். 1086இல் குலோத்துங்கன் நிலம் அளந்தான். நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவர்களிலே வெட்டி வைத்தனர். கோல் குட்டையானால் நிலம் கூடும். நிலம் கூடினால் வரி கூடும். சந்தேகமா? சுவரோடு வைத்துப் பார்! அந்தச் சுவரருகே எல்லாச் சாதியாரையும் விட்டார்களா என்ற கேள்வியையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

குறை இல்லாமலில்லை. ஊருக்கொரு மரக்கால் இருந்தது. ஏமாற்றுக்காரனுக்கு அதுவே வசதி. 1956இல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக நுழைந்தது. வீசையும் மணங்கும் விடைபெற்றன. நாடெங்கும் ஒரே அளவு. வரவேற்கிறோம்!

ஆனால், கல் மாறினால் போதுமா? தராசு பிடிக்கும் கையும் நேர்மையாக வேண்டாமா? நாளொன்றுக்கு ஒரு கிலோ குறைந்தால், 25 நாளில் 25 கிலோ! அத்தனையும் யாருடைய வியர்வை? ஈரத்துக்குக் கழிவா, சாக்குக்குக் கழிவா? எவ்வளவு என்று எழுதிக் காட்டட்டும், வாய்க்கணக்கு வேண்டாம்.

2009ஆம் ஆண்டுச் சட்ட அளவியல் சட்டப்படி, வாணிபத் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலே அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. முத்திரை எங்கே என்று கேட்பது துடுக்கல்ல, உரிமை!

அன்று அளவு சுவரிலே இருந்தது. இன்று சட்டத்திலே இருக்கிறது. சுவரும் பேசாது, சட்டமும் பேசாது. நாம்தான் பேசவேண்டும். தனியாகக் கேட்டால் முறைப்பார்கள். சேர்ந்து கேட்டால் முத்திரையைக் காட்டுவார்கள்!