தெய்வமும் கீழிறங்கும் மலைகள்

இமயமலையின் கார்வால் பகுதியில், மந்தாகினி ஆறு பனியிலிருந்து உருகி இறங்கும் இடத்துக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கேதாரநாதர் கோயில் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதங்களே திறந்திருக்கும். பழநியையும் திருத்தணியையும் திருமலையையும் நினைந்து மலைக்கோயில் என்றால் எந்த மாதத்திலும் படியேறிச் சென்று வழிபடலாம் என்று எண்ணிப் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் கேதாரத்தையும் அதன் அண்டையிலுள்ள பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி ஆகிய தலங்களையும் புரிந்துகொள்வதற்கு இந்தக் கால வரையறையைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. ஏனெனில் அங்கே பூசை, பயணம், பிழைப்பு ஆகிய மூன்றும் பனி வகுத்த நாட்காட்டியின்படியே நடந்துவந்திருக்கின்றன.

கேதாரநாதர் கோயிலின் நடைதிறப்பு நாள், மகா சிவராத்திரியன்று ஊக்கிமடம் என்னும் ஊரிலுள்ள ஓங்காரேசுவரர் கோயிலில் பஞ்சாங்கம் பார்த்து அறிவிக்கப்படும். பெரும்பாலும் அது ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ அமையும். நடை அடைப்பதோ தீபாவளி அமாவாசையை அடுத்து வரும் துவிதியையன்று. அன்று கருவறையிலுள்ள லிங்கத்தை, இயற்கையாக அமைந்த முக்கோண வடிவப் பாறையாகிய அதை, திருநீற்றாலும் மலர்களாலும் மூடிச் சமாதி பூசை என்னும் சடங்கைச் செய்துவிட்டுக் கதவைச் சாத்துகின்றனர். நம் கோயில்களின் உற்சவரைப் போன்று அங்கும் ஐந்து முகம் கொண்ட திருவுருவம் ஒன்று உண்டு; அதை டோலி எனப்படும் பல்லக்கில் வைத்து, வழியில் இரவு தங்கித் தங்கி, கால்நடையாகவே ஊக்கிமடத்துக்குக் கொண்டுவருகின்றனர். குளிர்காலம் முழுவதும் கேதாரநாதருக்குரிய வழிபாடு ஊக்கிமடத்திலேயே நடைபெறும். வெயில் திரும்பியதும் அதே டோலி மீண்டும் மேலேறும். பக்தர் மலையேறித் தெய்வத்தை அடைவதே யாத்திரை என்று சொல்லப்படுவது இங்கே பாதி உண்மைதான். தெய்வமும் ஆண்டுக்கு இருமுறை அதே வழியில் பயணம் செய்கிறது.

பத்ரிநாத்தின் முறை சற்று வேறானது. அங்கே நாள் குறிப்பது வசந்த பஞ்சமியன்று, பழைய தெஹ்ரி அரச குடும்பத்தின் நரேந்திரநகர் அரண்மனையில் நடைபெறுகிறது. மூர்த்தியின் அபிடேகத்துக்குரிய நல்லெண்ணெயை அந்தக் குடும்பத்துப் பெண்களும் மற்றச் சுமங்கலிகளும் கூடிப் பிழிந்து அனுப்புவர். நடை அடைக்கும் நாளில், திபெத் எல்லையை ஒட்டிய மாணா என்னும் சிற்றூரின் பெண்கள் நெய்து தரும் கம்பளியை நெய்யில் தோய்த்து மூர்த்திக்குப் போர்த்துகின்றனர். அடுத்த ஆறு மாதங்களும் நாரதரே அங்கே பூசை செய்கிறார் என்பது மக்களின் நம்பிக்கை. அந்நாட்களில் வழிபாடு பாண்டுகேசுவரம், சோஷிமடம் ஆகிய ஊர்களுக்கு இடம் மாறுகிறது. கங்கோத்ரியின் கங்கையன்னை முக்பா கிராமத்துக்கும், யமுனோத்ரியின் யமுனையன்னை கர்சாலி கிராமத்துக்கும் இறங்கிவிடுவர்.

இந்த வடகோடித் தலங்களின் பூசை உரிமையில் தென்னாட்டுக்கு இடமிருப்பது பலர் அறியாத செய்தி. ராவல் என்னும் தலைமை அருச்சகர் பத்ரிநாத்தில் கேரளத்து நம்பூதிரி அந்தணராகவும், கேதாரநாத்தில் கர்நாடகத்தைச் சேர்ந்த வீரசைவ சங்கமராகவும் இருக்க வேண்டும் என்பது மரபு. கேதாரநாத் ராவல் தாமே கருவறையில் பூசை செய்வதில்லை. அவரால் அமர்த்தப்படும் பூசகர்களே அதைச் செய்கின்றனர்.

தமிழோடுள்ள உறவு இன்னும் பழையது. திருக்கேதாரத்துக்குத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் உண்டு. பத்ரியைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கையாகப் பெயர் பெறும் தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர் என்று வைணவ மரபில் கொள்ளப்படுகிறது. இவற்றுள் ஒரு செய்தி தனியே எண்ணத்தக்கது. சம்பந்தர் கேதாரத்துக்குச் சென்றதாகப் பெரியபுராணம் கூறவில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்றே அது கூறுகிறது. கயிலையைக் கண்டே தீர்வதென்று புறப்பட்ட திருநாவுக்கரசரோ, கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் நகர்ந்து, உடல் முழுதும் ஓய்ந்த நிலையில் தடுக்கப்பட்டு, ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சியைப் பெற்றார். மலையுச்சியை எட்டாதவருக்கும் அருள் உண்டு என்ற எண்ணம் தமிழ்ப் பக்தி மரபில் இவ்வளவு முன்பே ஊன்றியிருந்தும், இன்றைய யாத்திரை விளம்பரங்களில் அது மருந்துக்கும் காணப்படுவதில்லை.

கேதாரத்தின் தலக்கதை பாண்டவரைச் சார்ந்தது. குருச்சேத்திரப் போரில் உற்றாரைக் கொன்ற பழி தீரச் சிவனைத் தேடி வந்த பாண்டவருக்கு அகப்பட விரும்பாத சிவன் காளை வடிவம் கொண்டு மண்ணுக்குள் மறைந்ததாகவும், அதன் திமில் கேதாரத்திலும் மற்ற உறுப்புகள் துங்கநாத், ருத்ரநாத், மத்தியமகேசுவரர், கல்பேசுவரர் ஆகிய தலங்களிலும் வெளிப்பட்டதாகவும் அக்கதை கூறும். இவ்வைந்தும் பஞ்ச கேதாரம் எனப்படும். இவற்றுள் துங்கநாத் 3,680 மீட்டர் அளவில் கேதாரத்தையும் விஞ்சிய உயரத்தில் உள்ளது. கல்பேசுவரர் கோயில் மட்டுமே ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது.

மோட்டார் சாலைகள் வருவதற்கு முன், அரித்துவாரத்திலிருந்தோ ரிஷிகேசத்திலிருந்தோ நடக்கத் தொடங்கும் யாத்திரிகர் கேதாரத்தையும் பத்ரியையும் கண்டு திரும்பப் பல வாரங்களாகும். வழிநெடுக, ஒரு வேளை நடைத் தொலைவுக்கு ஒன்றாக, சட்டி எனப்படும் தங்கிடங்கள் இருந்தன. அங்குள்ள கடையில் மாவும் பருப்பும் வாங்குவோருக்குச் சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் தனிக் கட்டணமின்றிக் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கருங்கம்பளி பாபா என்று மக்களால் அழைக்கப்பட்ட துறவி, அவ்வழியில் தரும சத்திரங்கள் எழக் காரணமானார். தேவப்பிரயாகையில் வாழும் பண்டாக்கள், அதாவது பத்ரி யாத்திரிகருக்குச் சடங்கு செய்விக்கும் தலைமுறைப் புரோகிதர்கள், வந்து சென்றோரின் ஊரையும் குலத்தையும் தங்கள் ஏடுகளில் எழுதிவைத்தனர். நடக்க முடியாதவரை ஒரே ஆள் முதுகில் கட்டிய கூடையில் சுமப்பது கண்டி. நால்வர் தோள் கொடுத்துத் தூக்குவது டண்டி. இவை இரண்டும் கேதார வழியில் இன்றும் உள்ளன.

அந்த மெதுநடைக்கு அக்காலத்தவர் அறிந்தோ அறியாமலோ உடலியல் பயன் ஒன்று இருந்தது. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே குறைகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்து செல்பவரின் உடல் இதற்குப் பழகிக்கொள்ள அவகாசம் உண்டு. இன்றோ சமவெளியிலிருந்து புறப்படுபவர் ஓரிரு நாளில் கேதார மலைவழியின் அடிவாரத்திலுள்ள சோன்பிரயாகையை அடைந்து, கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதையை மறுநாளே ஏறிவிடுகிறார். ஹெலிகாப்டரில் செல்பவருக்கு அதுவும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எனத் தொடங்கும் உயர்மலை நோய், முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கக்கூடும். இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ள முதியோர் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும் என்பதும், வழியில் ஓரிரவாவது தங்கி ஏற வேண்டும் என்பதும், மூச்சுத்திணறல் கண்டவுடன் தரிசனத்தைப் பொருட்படுத்தாது கீழிறங்கிவிட வேண்டும் என்பதும் யாத்திரைக்குரிய ஆசாரங்களோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

1962 சீனப் போருக்குப் பின் எல்லைப் பாதுகாப்பை முன்னிட்டு விரைந்து போடப்பட்ட சாலைகளே யாத்திரையின் முகத்தை மாற்றின. கேதாரம் முதலிய நான்கு தலங்களுக்குமாக 2016இல் தொடங்கிய சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டம் சுமார் 900 கிலோமீட்டர் நீளத்துக்கு அச்சாலைகளை அகலப்படுத்த முனைந்தபோது, இன்னும் இறுகாத இளம் மலையாகிய இமயத்தின் சரிவுகளை வெட்டுவது எத்துணை அகலம் வரை பொறுக்கத்தக்கது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பழைய நிலச்சரிவு மண்ணின்மேல் எழுந்த சோஷிமடத்தில் பெருங்கட்டுமானங்கள் கூடாதென 1976இலேயே அரசுக் குழுவொன்று எச்சரித்திருந்தது. 2023 சனவரியில் அங்கே வீடுகள் விரிசலுற்று, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், யமுனோத்ரி வழியிலுள்ள சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் 17 நாட்கள் உள்ளே சிக்கியிருந்து மீட்கப்பட்டனர்.

2013 சூன் 16, 17 ஆகிய நாட்களில் நிகழ்ந்ததை ஒதுக்கிவிட்டுக் கேதாரத்தைப் பற்றி எழுத இயலாது. பருவமழை வழக்கத்தை முந்திக்கொண்டு பெருகிப் பெய்ய, கோயிலுக்கு மேலே பனிப்பாறை ஒதுக்கிய கற்குவியலால் தடுக்கப்பட்டிருந்த சோராபாரி ஏரி கரை உடைந்தது. பாறைகளோடு இறங்கிய வெள்ளம் கோயிலைச் சூழ்ந்த ஊரை அழித்தது. பாதையின் நடுவிலிருந்த ராம்பாரா என்னும் தங்கிடம் இருந்த சுவடின்றிப் போயிற்று. உத்தராகண்ட் மாநிலம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. கோயிலுக்குப் பின்னே வந்து நின்ற பெரும்பாறை வெள்ளத்தை இருபுறமும் பிரித்ததால் கோயில் தப்பியது; அப்பாறை இன்று பீமன் கல் என்று வணங்கப்படுகிறது. கோயில் நின்றதை அற்புதமாகக் கொள்வது பக்தரின் உரிமை. ஆனால் யாத்திரைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் சூன் மாதமே மழை தொடங்கும் மாதமாகவும் இருப்பது அற்புதத்தால் மாறிவிடக்கூடியதன்று.

சோன்பிரயாகையிலிருந்து கேதாரம் வரை 12.9 கிலோமீட்டர் நீளக் கம்பிவடப் பாதைக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எட்டொன்பது மணி நேர ஏற்றம் அதனால் 36 நிமிடமாகும் என்று கூறப்படுகிறது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அது பெரும் உதவி என்பதையும், பாரம் சுமந்து பாதையில் சுருண்டு விழும் கோவேறு கழுதைகளின் துன்பம் குறையக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் அக்கழுதைகளையும் கண்டியையும் நம்பி ஆறு மாத வருமானத்தில் ஓராண்டை ஓட்டும் மலைவாழ் குடும்பங்களுக்கு மாற்று என்ன என்பதும், பனிப்பாறையின் காலடியிலுள்ள சிறு பள்ளத்தாக்கு ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதும் அதனினும் முதன்மையான வினாக்கள்.

இதற்கிடையே, மரபே தந்திருக்கும் எளிய வழி ஒன்றைப் பெரும்பாலான யாத்திரிகர் கண்டுகொள்வதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கேதாரநாதர் எழுந்தருளியிருக்கும் ஊக்கிமடம் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. கோயில் வரை வண்டி செல்லும். மூச்சுத் திணறலுக்கோ பனிச் சரிவுக்கோ அங்கே அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. குளிர்கால யாத்திரை என்ற பெயரில் உத்தராகண்ட் அரசும் இதை அண்மைக் காலமாக ஊக்குவித்துவருகிறது. கனத்த கம்பளி உடைகளோடு செல்பவர் அங்கே கேதாரநாதரை மட்டுமன்றி, பஞ்ச கேதாரத்துள் இன்னொருவராகிய மத்தியமகேசுவரரையும் ஒரே கோயிலில் வழிபடலாம். அவருக்கும் குளிர்கால இருப்பிடம் ஓங்காரேசுவரர் கோயிலே.