டிரஸ்ஸாஜ் குதிரையின் முதல் பதினைந்து நிமிடம்

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் நால்வர் அணி டிரஸ்ஸாஜில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். டிரஸ்ஸாஜில் அதுவே முதல். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கண்டது, 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் களத்தில் ஒரு குதிரை வளைந்தும் சாய்வாக நடந்தும் ஓட்டத்தின் நடுவே காலை மாற்றியும் செலவிட்ட சுமார் ஆறு நிமிடங்களை. இந்த ஆறு நிமிடத்துக்காகக் குதிரைகள் பக்கத்துக் களத்தில் வெகுநேரம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கேமரா பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. குதிரையின் உடம்பு எப்படிப்பட்ட அதிசயம் என்பது எனக்குப் புரியத் தொடங்கியது அந்த வார்ம்-அப்பைப் பற்றிப் படித்தபோதுதான்.

போட்டி நாளை விட்டுவிட்டு, சாதாரணப் பயிற்சி நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புல்வெளியில் திரியும் குதிரை நாளில் 16 மணி நேரம்வரை மேய்ந்தபடியே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். லாயத்துக் குதிரைக்கோ இரவு முழுவதும் நான்கு சுவருக்குள் ஓர் அறை. காலையில் சேணம் கட்டியதும் வேகமாக விரட்டினால் முதலில் சங்கடப்படுவது மூட்டுகள். மூட்டுக்குள் இருக்கும் சைனோவியல் திரவம் அசைவில்லாதபோது கெட்டியாக இருக்கும். மூட்டு மடங்கி நிமிர நிமிர இளகும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கோ சொந்தமாக ரத்தக் குழாயே கிடையாது. கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, தனக்கு வேண்டிய சத்தை அந்தத் திரவத்திலிருந்தே அது வாங்கிக்கொள்கிறது. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பும் தசைநாண்களும் தோலும்தான். தசை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ரத்த ஓட்டம் குறைந்த இந்த நாண்கள் தயாராக நேரம் பிடிக்கும். ஐநூறு, அறுநூறு கிலோ எடை ஒவ்வோர் அடியிலும் இவற்றின் மேல்தான் இறங்குகிறது.

அதனால் தொடக்கம் நடையில். லகானை நீளமாக விட்டு, கழுத்தைக் குதிரையின் போக்குக்கே விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் நடை. வெறும் நடை என்று சொன்னாலும் அதில் பார்க்க நிறைய இருக்கிறது. புதிதாக வாரிச் சமப்படுத்திய மணலில் முதல் சுற்றின் குளம்புத் தடங்களைக் கவனியுங்கள். பின்னங்காலின் தடம், அதே பக்கத்து முன்னங்கால் விட்டுப்போன தடத்திலேயே விழும். சில குதிரைகளுக்கு அதுவரைகூட எட்டாது. பத்து நிமிடம் கழித்து அதே இடத்துக்கு வந்து பாருங்கள். பின்தடம் முன்தடத்தைத் தாண்டி விழுந்திருக்கும். இடுப்பு இளகி, முதுகு அசைந்து, பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் கூடுதலாக எட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு மணல் எழுதித் தரும் சான்று அது. எந்தக் கருவியும் வேண்டாம்.

வெளியே இவ்வளவு நடக்கும்போது உள்ளே நடப்பது இன்னும் வியப்பானது. குதிரையின் மண்ணீரல் ஒரு ரத்தக் கிடங்கு. ஓய்வில் இருக்கும் குதிரை தன் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அதற்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஓட்டத்தில் இல்லாத ரத்தம் அது. சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டிப்படும், இதயம் வீணாகச் சிரமப்படும். தேவையில்லாத நேரத்தில் எதற்கு? வேலை தொடங்கியதும் அட்ரினலின் சொல்லி, மண்ணீரலின் சுவர்த் தசைகள் சுருங்கி, அந்தச் சேமிப்பை ரத்தக் குழாய்களுக்குள் தள்ளுகின்றன. ஓய்வில் ரத்தத்தின் பருமனில் 35 முதல் 40 விழுக்காடாக இருக்கும் சிவப்பணுக்கள், முழுவேக ஓட்டத்தில் 60 விழுக்காட்டையும் தாண்டிவிடும். இதயமும் அப்படித்தான்: ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 துடிப்பு; உச்சத்தில் 220க்கும் மேல். தனக்குத் தானே ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிராணி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

டிரஸ்ஸாஜில் அந்த உச்சம் தேவைப்படாது. பந்தயக் குதிரைக்குத்தான் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கிடங்கைத் திறக்க இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று உழைப்பு, இன்னொன்று பயம். வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தால் போதும், நின்ற இடத்திலேயே குதிரையின் மண்ணீரல் சுருங்கிவிடும். மிரண்ட குதிரையிடம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் எண்களைக் கால்நடை மருத்துவர்கள் அப்படியே நம்பாததும் இதனால்தான். பயந்த குதிரையின் ரத்தமும் இதயமும் தயாராகிவிடும், முதுகு மட்டும் மரம்போல் இறுகிக் கிடக்கும். டிரஸ்ஸாஜுக்கு அந்த முதுகால் பயனில்லை. உடம்பு சூடேற வேண்டும், மனம் சூடேறக் கூடாது. இந்த வேலையின் மொத்தக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படுத்தாத நீண்ட நடையை நல்ல பயிற்றுநர்கள் பிடிவாதமாகக் கேட்பதற்கு நான் காணும் காரணமும் இதுவே. ஜெர்மானியப் பயிற்சி மரபு குதிரையின் வளர்ச்சிக்கு ஆறு படிகள் வகுத்திருக்கிறது. தாளம் முதல் படி, தளர்வு இரண்டாவது. பாரத்தைப் பின்னுக்கு வாங்கி உடலைச் சேர்த்துக்கொள்வது ஆறாவது படி. ஆண்டுக்கணக்கில் ஏறும் அதே படிகளில், ஒவ்வொரு நாள் காலையிலும் சுருக்கமாக ஒருமுறை ஏறிப் பார்ப்பதுதான் வார்ம்-அப்.

தளர்வு வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? காது சேணத்தில் இருப்பவர் பக்கம் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக மெல்லத் திரும்பும். வால் முதுகின் அசைவோடு சேர்ந்து இருபக்கமும் ஆடும். பிறகு மூக்கால் நீளமாக ஒரு புர்ர். குதிரை வாயால் மூச்சுவிட முடியாத பிராணி. மூக்கு ஒன்றே அதற்கு வழி. அந்தப் புர்ரை வெறும் தூசி தட்டல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, குதிரைகள் நிம்மதியாக இருக்கும் நேரங்களில், குறிப்பாகப் புல்வெளியில், இந்த ஒலி அதிகம் வருவதைக் காட்டியது. பழைய குதிரைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்த விஷயம்தான்.

நடைக்கு அடுத்து ட்ராட் என்னும் மிதமான ஓட்டம். இங்கே குதிரையின் எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நமக்குத் தோளை நெஞ்சோடு இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது இல்லை. முன்னங்கால்களுக்கும் உடலுக்கும் நடுவே எலும்போடு எலும்பு சேரும் மூட்டு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, தூளியில் கிடக்கும் குழந்தைபோல, அதன் மார்புக்கூடு தசைகளில் தொங்குகிறது. நிற்கும் குதிரையின் எடையில் பாதிக்கும் மேல் முன்னங்கால்களில்தான் விழுகிறது. அதோடு சேணமும் மேலே ஓர் ஆளும். அந்தத் தசைகள் சோர்ந்து கிடந்தால் மார்பு தாழ்ந்து, குதிரை முன்பாரமாகப் போகும். அவை விழித்து இழுத்துப் பிடித்தால் பிடரி முடியும் இடம் உயரும், முன்பக்கம் இலகுவாகும். இந்த உயர்வு இல்லாமல் டிரஸ்ஸாஜின் எந்த அழகும் இல்லை. பெரிய வட்டங்கள், திசை மாற்றங்கள், நடையிலிருந்து ட்ராட்டுக்கும் ட்ராட்டிலிருந்து நடைக்குமாக மாறி மாறிப் போவது என எளிய பயிற்சிகள் எல்லாம் இந்தத் தசைகளை எழுப்பத்தான். அப்போது ஆள் சேணத்தில் அழுந்தி உட்காராமல் அங்கவடியில் எழுந்து எழுந்து அமர்வார். இன்னும் சூடாகாத முதுகுக்கு அது பெரிய ஆறுதல்.

தலையைத் தாழ்த்திக் கழுத்தை முன்னால் நீட்டவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிடரியிலிருந்து முதுகுவரை வலுவான ஒரு நார் ஓடுகிறது. சேணத்துக்குச் சற்று முன்னால் முள்ளெலும்புகளின் மேல்நீட்சிகள் ஒரு சாண் அளவுக்கு உயர்ந்து நிற்கும். அந்த நார் அவற்றின் உச்சியைப் பற்றியிருக்கிறது. கழுத்து நீண்டு தாழும்போது நார் இழுபட்டு, அந்த நீட்சிகளை முன்னோக்கி இழுக்க, முதுகு மேலே எழும், எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். மேய்வதற்கென்று அமைந்த ஏற்பாடு, ஆளைச் சுமக்கவும் உதவுகிறது.

ஆனால் இதே கழுத்துதான் அதிகம் வதைபடும் உறுப்பும்கூட. லகானை வலிந்து இழுத்து, தாடை மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தைச் சுருட்டி, அப்படியே பல நிமிடம் ஓட்டும் பழக்கம் வார்ம்-அப் களங்களில் பரவியது. 2009இல் டென்மார்க்கில் ஒரு போட்டியின் வார்ம்-அப் களத்தில், கழுத்து அப்படி மடங்கியிருந்த குதிரை ஒன்று நீலம் பாரித்த நாக்குடன் ஓடும் காணொளி வெளியாகி உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வலுக்கட்டாயமாகக் கழுத்தை மடக்குவதை ஏற்க முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010இல் அறிவித்தது. அந்த நிலையில் குதிரையின் மூச்சுப் பாதை குறுகுகிறது. எதிரே இருப்பது சரியாகத் தெரிவதில்லை. மூச்சும் பார்வையும் குறைந்த, ஓடித் தப்பிக்கவென்றே உருவான ஒரு பிராணியின் மனம் எப்படித் தளரும்? அடங்கி நிற்பதைத் தளர்வு என்று எண்ணுவது குதிரைக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன். நடுவர்கள் மதிப்பெண் போடுவது கண்ணெதிரே நடக்கும் ஆறு நிமிடத்துக்கு மட்டும் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சேணம் கட்டுவதற்கு முன்பே தொடங்கும் ஒரு வார்ம்-அப்பும் உண்டு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் நிற்காமல் சுரக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பாதிக்கு அதைத் தாங்கும் கவசம் உண்டு, மேல்பாதிக்கு இல்லை. ட்ராட்டும், அதைவிட வேகமான ஓட்டமான கேன்டரும் தொடங்கியதும் வயிற்றுத் தசைகள் இறுகி, அழுத்தம் கூடி, அமிலம் மேல்பாதிக்கு ஏறுகிறது. வெறும் வயிற்றில் வேலை வாங்கினால் புண் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே சவாரிக்கு முன் ஓரிரு கைப்பிடி உலர்புல்லோ குதிரை மசாலோ கொடுப்பது நல்ல வழக்கம். மசாலில் உள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கின்றன. சேண வாரையும் ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. முதலில் நழுவாத அளவுக்கு. நாலு அடி நடந்தபின் ஒரு துளை. ஏறியபின் இன்னொரு துளை.

எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு பொருந்தாது. வயதான, மூட்டுத் தேய்மானம் உள்ள குதிரைக்கு நடை மட்டுமே இருபது நிமிடம் வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பிய லாயங்களில் குதிரையின் பின்பாகத்தைக் கம்பளியால் மூடியபடியே நடக்கவிடுவார்கள். சில குதிரைகளுக்கு ட்ராட்டைவிடக் கேன்டர்தான் முதுகை முதலில் திறந்துவிடும். அதிலும் வலப்பக்கம் எளிதா இடப்பக்கம் எளிதா என்பது குதிரைக்குக் குதிரை மாறும். மந்தமானது என்று பேர் வாங்கிய குதிரைக்கு நீண்ட நடை அலுப்பூட்டும். அதற்கு வேக மாற்றங்கள் வேண்டும். பதற்றக்காரக் குதிரைக்குத் திரும்பத் திரும்ப அதே வட்டம்தான் ஆறுதல்.

முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. 20 மீட்டர் வட்டத்தில் ட்ராட் போய்க்கொண்டிருக்கும்போதே லகானை விரலிடுக்கில் மெல்ல நழுவவிடுவார்கள். தளராத குதிரை தலையை உயர்த்தும், அல்லது வேகமெடுத்து ஓடும், அல்லது லகானைக் கையிலிருந்து பிடுங்கும். தளர்ந்த குதிரை அதே தாளத்தில், அதே வேகத்தில், நழுவும் லகானைத் தேடிக்கொண்டே கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டிக்கொண்டு போகும். வாயோரத்தில் மெல்லிய நுரை பூத்திருக்கும். அது கிடைத்ததும் ஒரு நிமிடம் நடை. பிறகு லகானைச் சுருக்கிக்கொண்டு, களத்தின் நீளப் பக்கத்தில், தோளை உள்ளே திருப்பி நடக்கும் அன்றைய முதல் பாடத்தைக் கேட்கலாம்.