சேலம் சிறை முதல் அத்திப்பள்ளி வரை: பேச்சுரிமைக்கு ஏன் இரண்டு அளவுகோல்?

2025 ஜூன் 5ஆம் தேதி கமல்ஹாசனின் 'தக் லைஃப்' வெளியானபோது, பெங்களூரு ரசிகர்கள் பலர் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் திரையரங்குகளுக்கு வந்துதான் படம் பார்த்தார்கள். கர்நாடகத்தில் படம் வெளியாகவில்லை. தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று மே மாதம் சென்னையில் நடந்த இசை வெளியீட்டு விழாவில் கமல் சொன்னதுதான் காரணம். மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் வராது என்றது கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை. நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போனவரிடம், 'மன்னிப்புக் கேட்டால் என்ன?' என்ற தொனியில் பேசியது கர்நாடக உயர் நீதிமன்றம். ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பலின் மிரட்டலுக்குப் பயந்து நிறுத்த முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது மாநில அரசின் கடமை என்று சொன்னது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் சிங்காரப்பேட்டை போன்ற ஊர்களில் இதை வெறும் சினிமாச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிழைப்பில் பாதி பெங்களூரை நம்பித்தான் நடக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டன. ஒரே பணிமனையில் பேருந்துகள் வரிசையாகக் கருகின. நம் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிட, மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தைகளோடும் சனங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தே கடந்தார்கள். மேடையில் யாரோ பேசியதற்கும் தீர்ப்பில் எங்கோ எழுதியதற்கும் விலை கொடுப்பவர் அங்கே சித்தாள் வேலைக்குப் போனவர்தான். அதனால் பேச்சுரிமை பற்றிய கேள்வி இந்த எல்லைப் பகுதிக்கு வயிற்றுப்பாட்டோடு ஒட்டிய கேள்வி.

கமலுக்காக அன்று தமிழ்நாட்டில் எழுந்த குரல் நியாயமானது. ஆனால் அதே நியாயத்தை நம் வீட்டுக்குள் திருப்பிப் பார்த்தால் என்ன தெரிகிறது? முல்லைப் பெரியாறு விவகாரம் சூடாக இருந்த 2011இல் 'டேம் 999' படத்துக்குத் தமிழக அரசே தடை விதித்தது. 2013 ஜனவரியில் இதே கமலின் 'விஸ்வரூபம்' படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு நிறுத்தினார்கள். காட்சிகளை வெட்டிய பிறகே பிப்ரவரி 7இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மெட்ராஸ் கஃபே' தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. அங்கே நிறுத்தினால் கும்பல் ஆட்சி, இங்கே நிறுத்தினால் மக்கள் உணர்வு என்று பேசுகிறோம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காக 2008 ஏப்ரலில் நடந்த உண்ணாவிரத மேடையில் பேசியதற்காக, 'குசேலன்' கர்நாடகத்தில் ஓட வேண்டும் என்று ரஜினிகாந்த் அதே ஆண்டு வருத்தம் தெரிவித்தார். சத்யராஜ் ஒன்பது ஆண்டு கழித்து, 'பாகுபலி 2' வெளியாகும் நேரத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்ட மேடை அது. அந்த வருத்தங்கள் நமக்கு வலித்தன என்றால், நாம் நிறுத்திய படங்களை எடுத்தவர்களுக்கும் வலித்திருக்கும்.

'தக் லைஃப்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது புதிய சட்டம் அல்ல. இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. போராட்டம் நடத்துவோம், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்தை அடக்க முடியாது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே நேரடியான, உடனடியான தொடர்பு இருக்க வேண்டும் என்றது. இடஒதுக்கீட்டை உயிராக மதிக்கும் மாநிலத்தில் அந்தப் படத்தின் கருத்தை ஏற்பவர்கள் குறைவு. நானும் ஏற்கவில்லை. ஆனால் 2025இல் கமலைக் காப்பாற்றிய கொள்கை, நமக்குப் பிடிக்காத அந்தப் படம் பெற்றுத் தந்த கொள்கைதான்.

கதை இன்னும் பின்னால் தொடங்குகிறது, அதுவும் நம் பழைய மாவட்டத்தில். இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதிகள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்டுகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி 1948இல் ஆயுதப் புரட்சிப் பாதையை அறிவித்திருந்தது. சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டும் இருந்தது. ஆக, செத்தவர்களை அரசு தீவிரவாதிகளாகவே பார்த்தது. அந்தச் சம்பவத்தையும் சென்னை அரசையும் கண்டித்து எழுதிய பம்பாய் வார இதழ் 'கிராஸ்ரோட்ஸ்'. 1950 மார்ச் 1ஆம் தேதி அந்த இதழ் மாகாணத்துக்குள் நுழையவும் விற்கப்படவும் தடை போட்டது சென்னை அரசு. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார்.

அதே சமயம் டெல்லியில் வேறொரு வார இதழுக்கும் நெருக்கடி வந்தது. ஆர்.எஸ்.எஸ். சார்பு 'ஆர்கனைசர்' இதழ், பாகிஸ்தான் தொடர்பான செய்திகளை அச்சிடும் முன் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வழக்கிலும் 1950 மே 26 அன்று, ஒரே நாளில், ஒரே அமர்வு தீர்ப்பு சொன்னது. சென்னையில் வழக்கறிஞராக இருந்து உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். இடதுசாரி இதழ் மீதான தடையும் செல்லாது, வலதுசாரி இதழ் மீதான முன்தணிக்கையும் செல்லாது. எந்த இதழ், எந்தக் கொள்கை என்று பார்க்காமல் ஒரே கோலால் அளந்த அந்த நாளை இந்தியப் பேச்சுரிமையின் நல்ல நாள் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கோல் ஓராண்டுதான் நின்றது. 1951 ஜூனில் நேரு அரசு கொண்டுவந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம், பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுதல், அயல்நாட்டு நட்புறவு ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்றது. 'நியாயமான' கட்டுப்பாடு என்ற ஒரு சொல்லை மட்டும் பாதுகாப்பாக வைத்தார்கள். 1963இல் வந்த 16ஆவது திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதன் குறி திராவிட நாடு கோரிக்கை. அதே ஆண்டில் திமுக அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தத் திருத்தத்தின் வழியில்தான் 1967இல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், இன்று எல்லோரும் 'உபா' என்று சொல்லும் சட்டம், பிறந்தது. கம்யூனிஸ்டுக்காக ஒன்று, பிரிவினைக் கோரிக்கைக்காக இன்னொன்று. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்கள் பாதை மாறிவிட்டார்கள். சட்டங்கள் அப்படியே இருந்தன.

தீவிரவாதம் என்பது வெறும் பூச்சாண்டி என்று சொல்ல வரவில்லை. இந்த மண்ணில் அது ரத்தம் சிந்தியது. கந்துவட்டி, நிலக்கொடுமை, டீக்கடையில் இரட்டைக் குவளை என்று புழுங்கிக் கிடந்த தருமபுரி, வட ஆர்க்காடு கிராமங்களில் 1970களில் நக்சல்பாரி இயக்கம் வேர் பிடித்தது. இரட்டைக் குவளையை உடைத்ததால் சேரி இளைஞர்கள் அவர்களை நம்பினார்கள். 'வர்க்க எதிரியை ஒழித்துக்கட்டு' என்ற சாரு மஜும்தார் வழியில் கொலைகளும் நடந்தன. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டு வீசப்பட்டு ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்தார்கள். எம்.ஜி.ஆர். அரசு வால்டர் தேவாரம் தலைமையில் 'ஆபரேஷன் அஜந்தா'வைத் தொடங்கியது. அதில் இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாமே மோதல் சாவு என்று கணக்கு எழுதப்பட்டது. குண்டு வீசியவனும், துண்டுப் பிரசுரம் ஒட்டியவனும், இரவில் சோறு போட்டவனும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள்.

அந்தப் பட்டியலின் அடுத்த பக்கம் சிங்காரப்பேட்டை இருக்கும் ஊத்தங்கரை வட்டத்திலேயே எழுதப்பட்டது. 2002 நவம்பரில் ஊத்தங்கரை அருகே நடந்த போலீஸ் நடவடிக்கையில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்டோர், பெண்கள் உட்பட, நக்சல் அமைப்பான மக்கள் யுத்தக் குழுவினர் என்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதானார்கள். அவர்களில் ஒருவர் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர். பொடா மற்ற எல்லாச் சட்டத்துக்கும் மேலானது, அதனால் சிறப்பு நீதிமன்றத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது அரசின் வாதம். சிறார் நீதிச் சட்டம்தான் மேலோங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தப் பையனுக்கு வழி பிறந்தது.

அதே ஆண்டில், அதே பொடாவில், தமிழ்நாட்டின் வேறு சிலரும் சிறையில் இருந்தார்கள். விடுதலைப் புலிகளை ஆதரித்து 2002 ஜூனில் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ ஜூலையில் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். 19 மாதம் சிறையில் இருந்தார். ஆகஸ்டில் பழ. நெடுமாறன் கைதானார். இந்தச் சட்டம் 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது, மதிமுகவும் திமுகவும் ஆளும் கூட்டணியில் இருந்து ஆதரித்தன. நாடாளுமன்றத்தில் ஆதரித்த மதிமுகவின் தலைவர் வைகோவையே அந்தச் சட்டம் நான்கு மாதத்துக்குள் பிடித்தது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றாலும், தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு வாயால் தார்மீக ஆதரவு தெரிவிப்பது மட்டுமே குற்றமாகாது, பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இருக்க வேண்டும் என்று விளக்கியது. வைகோவுக்கு நாடறிந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், செய்தியாளர்கள் இருந்தார்கள். ஊத்தங்கரையில் பிடிபட்டவர்களுக்கு மனித உரிமை அமைப்புகளை விட்டால் நாதியில்லை. ஒரே சட்டத்துக்குள்ளேயே இருந்த இரண்டாவது அளவுகோல் அது.

2004இல் பொடா போனது. அதன் பயங்கரவாதப் பிரிவுகள் உபாவுக்குள் குடிபுகுந்தன. 2009இல் திமுக ஆட்சியில் தேசத்துரோக வழக்கு வைகோ மேல் பாய்ந்தது. 2019 ஜூலையில் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் திமுக ஆதரவோடு அவர் மாநிலங்களவைக்குப் போனார்.

இங்கே தமிழர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இருக்கிறது. புலிகளை ஆதரித்துப் பேசும் உரிமைக்காக இங்கே எத்தனையோ மேடைகள் போட்டோம். சரிதான். ஆனால் 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டபோதும், 1999 ஜூலையில் கொழும்பில் நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டபோதும் அந்த மேடைகள் எத்தனை பேசின? கொலையால் வாயடைக்கப்பட்ட தமிழர்கள் அவர்கள். சிங்கள அரசு பத்திரிகையாளர்களைக் கொன்றால் கண்டித்துவிட்டு, நம்மவர் கொன்றால் காலத்தின் கட்டாயம் என்று கடந்து போனவர்களுக்குப் பேச்சுரிமையைப் பற்றிப் பேசும் தகுதி குறைகிறது.

சாதி மேடைப் பேச்சை நாம் தீவிரவாதம் என்று சொல்லிப் பழகவே இல்லை என்பதும் இதன் தொடர்ச்சி. நக்சல் இயக்கத்தின் அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இருக்கும் தருமபுரி நாயக்கன்கொட்டாயை ஒட்டித்தான் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் இருக்கின்றன. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, அங்கே தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. கலப்பு மணத்துக்கு எதிராக மாதக்கணக்கில் மாநாட்டு மேடைகளில் முழங்கிய பிறகு நடந்தது அது. புரட்சிப் பாட்டுக்குக் காட்டும் விழிப்பில் பாதியைக் காவல்துறை அந்த முழக்கங்களுக்குக் காட்டியிருந்தால் எத்தனையோ பீரோக்களும் கல்யாணப் புடவைகளும் பள்ளிச் சான்றிதழ்களும் சாம்பலாகாமல் இருந்திருக்கும். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மேல் 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்குப் போட முடிந்த மாநிலம் இது.

அப்படியானால் எந்தக் கோலால் அளப்பது? உலகில் இரண்டு வழி உண்டு. ஹிட்லரைக் கண்ட ஜெர்மனி, நாஜிச் சின்னங்களையே சட்டத்தால் தடுக்கிறது. அமெரிக்கா 1969இல், கூ கிளக்ஸ் கிளான் தலைவர் ஒருவரின் வழக்கில், உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சு குற்றம் என்றது. நம் உச்ச நீதிமன்றம் 1962இலேயே கேதார் நாத் சிங் வழக்கில், வன்முறைக்கோ பொது ஒழுங்குக் குலைவுக்கோ தூண்டினால் மட்டுமே தேசத்துரோகம் என்று வரையறுத்துவிட்டது. கோல் இருக்கிறது. எடுத்து அளப்பவர்கள்தான் பேசியவரின் கட்சி, சாதி, மதம், மாநிலம் பார்த்து அளக்கிறார்கள். 'இவர்களை வெட்டு', 'அந்தத் தெருவுக்குப் போ' என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றே வழக்காக வேண்டும். ஒரு மொழி இன்னொன்றிலிருந்து வந்தது என்பதும், ஒரு போராளி இயக்கம் சரி என்பதும், இடஒதுக்கீடு தவறு என்பதும் கருத்து. அதற்குப் பதில் இன்னொரு கருத்துதான்.

தேசத்துரோகத்துக்கான 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் தேசத்துரோகம் என்ற பெயர் இல்லை. ஆனால் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து என்ற பெயரில் ஆயுள் தண்டனை வரை இருக்கிறது. உபாவும் இருக்கிறது. ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்றைக் கேளுங்கள்: எதிரியின் மேல் பாயும்போது நீங்கள் கைதட்டும் இந்தப் பிரிவு உங்கள் கட்சிக்காரர் மேல் பாய்ந்தாலும் சரி என்பீர்களா? இல்லை என்றால், நாடாளுமன்றத்தில் இதற்கு எதிராக எப்போது எழுந்து நிற்கப் போகிறீர்கள்?